இறங்குவதுதான் கஷ்டம்!

1931-ம் வருடம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கஹோன் கணவாய் வழியாக ஒரு லாரி இறங்கிக்கொண்டிருக்கிறது.

'இறங்கிக்கொண்டிருக்கிறது' என்பது கொஞ்சம் மரியாதையான வார்த்தை. உண்மையில் அந்த லாரி விழுந்துகொண்டிருந்தது. உச்சியில் 4,000 அடிக்கு மேல் உயரம். கீழே சான் பெர்னார்டினோ நகரம். நடுவில் மைல் கணக்கில் சரிவு. கேபினுக்குள் மூன்று பேர். காலால் பிரேக்கை மிதிக்கிறார் டிரைவர். மிதி தரையைத் தொடுகிறதே தவிர, வண்டி சட்டை செய்யவில்லை. லைனிங் எரிந்து தீய்ந்துபோய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

சரி, எப்படியாவது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சமவெளி வரை போய்விட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தால், அடிவாரத்தில் காத்திருந்தது அடுத்த வில்லங்கம். சாலையை வெட்டிக்கொண்டு ஒரு ரயில் பாதை. அதன்மேல் ஒரு கூட்ஸ் வண்டி, நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது!

கூட்ஸ் வண்டி எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். லெவல் கிராஸிங்கில் நின்றபடி பெட்டிகளை எண்ணிக் கொட்டாவி விட்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இந்த மூன்று பேரும் அன்றைக்குக் கொட்டாவி விடவில்லை. கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வந்தது. கிராஸிங்கைத் தாண்டியது. அடுத்த நொடி, அந்த இடத்தில் இந்த லாரி பாய்ந்தது. மயிரிழையில் தப்பினார்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரின் பெயர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? அபார்ட்மென்ட் வாசலிலோ, கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலோ, கரன்ட் போனதும் உறுமுகிற ஜெனரேட்டரைப் பாருங்கள். பல ஜெனரேட்டர்களில் அந்தப் பெயர் இருக்கும். அதே கம்மின்ஸ்தான்!

*

1888-ல் இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கிளெஸ்ஸி. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால், எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுகிற கை. கொலம்பஸ் என்ற ஊரில் வில்லியம் இர்வின் என்ற பேங்கர் இருந்தார். பெரிய பணக்காரர். 1908-ல் அவர் வீட்டுக் காருக்கு டிரைவராகச் சேர்ந்தார் கிளெஸ்ஸி. காரைத் துடைப்பது, ஓட்டுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர்தான். 1911-ல் முதல் இண்டியானாபொலிஸ் 500 ரேஸ் நடந்தபோது, ஜெயித்த மார்மன் காரின் உதவிக் குழுவில் இவரும் ஒரு ஆள்.

முதலாளிக்கு இந்தப் பையன் மேல் ஒரு நம்பிக்கை. 1919-ல் இர்வின் பணம் போட, கம்மின்ஸ் என்ஜின் கம்பெனி பிறந்தது. டிரைவரின் பெயரில் கம்பெனி. முதலாளி யார் என்றால், பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்! நம்மூரில் நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

தயாரித்தது டீசல் என்ஜின். ஆனால், அந்தக் காலத்தில் டீசல் என்றால் கப்பலுக்கும் ஃபேக்டரிக்கும்தான். கனம் அதிகம், புகை அதிகம், சத்தம் அதிகம். சாலையில் ஓடும் வண்டிக்கு டீசலா என்று சிரித்தார்கள். பத்து வருடம் பணம் கரைந்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு 1929 அக்டோபரில் பங்குச் சந்தை மூக்குடைந்து விழுந்தது. கம்பெனியை மூடிவிடலாம் என்கிற நிலைமை.

கிளெஸ்ஸி ஒரு காரியம் செய்தார். ஒரு பழைய பாக்கார்டு காரை வாங்கி, அதன் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, தன்னுடைய டீசல் என்ஜினைப் பொருத்தினார். 1929 கிறிஸ்துமஸ் தினத்தன்று முதலாளியை அதில் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு வந்தார். அசந்துபோன இர்வின், மறுபடியும் பணம் போட்டார். அடுத்த மாதமே அந்தக் காரை நியூயார்க் கார் கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போனார் கிளெஸ்ஸி. 792 மைல். எரிபொருள் செலவு, 1 டாலர் 38 சென்ட்!

இனி ஊர் ஊராக ஓட்டிக் காட்டுவதுதான் விளம்பரம் என்று முடிவாகிவிட்டது. 1931 மே மாதம் இண்டியானாபொலிஸ் 500 ரேஸில் ஒரு டீசல் கார், 500 மைலையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. அதற்கு முன் எந்தக் காரும் அப்படிச் செய்ததில்லை. வந்தது 13-வது இடம்தான். ஆனால், பெட்ரோல் கார்கள் எல்லாம் நின்று நின்று தாகம் தீர்த்துக்கொண்டிருந்தபோது, இது மட்டும் சொட்டுக்கூட வாங்காமல் சுற்றிச் சுற்றி வந்ததை ஊரே பார்த்தது. அந்தக் காரை ஓட்டியவர் டேவ் எவன்ஸ்.

அடுத்தது லாரி. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை, அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, 3,200 மைலுக்கு மேல். கிளெஸ்ஸி, டேவ் எவன்ஸ், ஃபோர்டு மோயர் என்ற இன்னொரு சகா. மொத்த எரிபொருள் செலவு 11 டாலர் 22 சென்ட்! சாதனைதான். அந்த 11 டாலர் 22 சென்ட் கணக்கில் கடைசி நாளில் மூன்று உயிர்களும் சேர்ந்து வரவு வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கூட்ஸ் வண்டியில் இன்னும் ஒரே ஒரு பெட்டி கூடுதலாக இருந்திருந்தால் கதை முடிந்தது.

*

பிரேக் ஏன் தோற்றது? நான் காமர்ஸ் படித்தவன். பௌதிகம் எனக்குக் கணக்குப் புத்தகம் மாதிரி எழுதிப் பார்த்தால்தான் புரியும். அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

மலை என்பது ஒரு பேங்க். லாரி மேலே ஏற ஏற, டீசலை எரித்து, சக்தியை அந்த பேங்கில் டெபாசிட் செய்துகொண்டே போகிறது. உச்சிக்குப் போனால் பெரிய தொகை சேர்ந்திருக்கும். இறங்கும்போது அந்த மொத்தப் பணத்தையும் பேங்க் உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடும். வேணாம் என்று சொல்ல முடியாது. 'ரொக்கமா வாங்கிக்கிட்டுத்தான் போகணும்' என்று கட்டாயப்படுத்துகிற பேங்க் அது. வாங்கி எங்கே வைப்பது? எங்கேயும் வைக்கவில்லையென்றால் அது வேகமாக மாறும். வேகம் கூடக்கூட... மேலே சொன்ன கூட்ஸ் வண்டிக் கதைதான்.

பிரேக் என்ன செய்கிறது? அந்தப் பணத்தை வாங்கி எரித்துவிடுகிறது. நிஜமாகவே எரிக்கிறது. உராய்வினால் வேகம் சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு? 20 டன் எடையுள்ள லாரி ஒன்று 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெளிப்படும் சக்தியை அப்படியே சூடாக்கினால், சுமார் 650 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டாக்களில் அரை டஜன் வரிசையாக வைத்துக் கொதிக்க விட்ட மாதிரி. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி அத்தனையும் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிற அந்தச் சின்ன டிரம்முக்குள் போக வேண்டும்.

அது எப்படித் தாங்கும்? ஒரு அளவுக்கு மேல் சூடானதும் லைனிங் வழுக்க ஆரம்பிக்கிறது. இரும்பு டிரம் சூட்டில் விரிந்து, ஷூவை விட்டு விலகுகிறது. டிரைவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். இன்னும் சூடு. இன்னும் வழுக்கல். பிரேக் ஒரேயடியாகச் செத்துப்போகாது. மிதிக்க மிதிக்க, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். டிரைவருக்கு உறைக்கும்போது காலம் கடந்திருக்கும்.

இந்தப் பிரச்னை லாரிக்கு முன்பே உண்டு. அமெரிக்காவில் மேற்கு நோக்கிப் போன குடியேறிகள், குதிரையும் மாடும் இழுத்த வண்டிகளை மலையிலிருந்து இறக்கும்போது, பெரிய மரத்தை வெட்டி வண்டிக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்களாம். மரம் தரையில் உரசி வேகத்தைக் குறைக்கும். சூடாகி வழுக்குமே என்கிற கவலை கிடையாது. அடிவாரத்தில் மரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மோட்டார் வண்டிக்கு அப்படி ஒரு மரம் வேண்டும். வழியில் வெட்டக் கூடாது. எவ்வளவு உரசினாலும் தேயக் கூடாது. எங்கே கிடைக்கும்?

கிடைத்தது என்ஜினிலேயே! காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, சின்ன கியரில் போட்டால், இதுவரை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த என்ஜினை இப்போது சக்கரம் சுற்ற வேண்டியிருக்கிறது. வேலைக்காரன் முதலாளி ஆகிறான், முதலாளி வேலைக்காரன் ஆகிறான். என்ஜின் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் பிரேக். சூடு உண்டாவது என்ஜினில். அதற்குத்தான் ஏற்கெனவே ரேடியேட்டர், ஃபேன், சைலன்சர் எல்லாம் இருக்கின்றனவே. சக்கர டிரம் ஜில்லென்று இருக்கும்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம். இந்த முரண்டு, பெட்ரோல் என்ஜினில் நன்றாக இருக்கும். டீசலில் சப்பென்று இருக்கும். ஏன்?

பெட்ரோல் என்ஜினில் காற்று நுழைகிற வாசலில் ஒரு கதவு இருக்கிறது. காலை எடுத்தால் அது மூடிக்கொள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், எவ்வளவு சிரமம்? அந்தச் சிரமம்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. டீசல் என்ஜினுக்கு அந்தக் கதவே கிடையாது. காற்று தாராளமாக உள்ளே வரும். பிஸ்டன் மேலே போய் அந்தக் காற்றை நசுக்கும். நசுக்குவதற்கு நிறைய பலம் வேண்டும், வண்டியின் வேகம் அதில் கொஞ்சம் செலவாகும். 'ஆஹா' என்று சந்தோஷப்படுவதற்குள், நசுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். கொடுத்த பலம் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்துவிடும்.

எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், இந்தப் பக்கம் டெபிட், அந்தப் பக்கம் கிரெடிட். கணக்கு டேலி. செலவே ஆகவில்லை! மலையில் அதிகக் கனத்தோடு இறங்குகிற வண்டி எது? டீசல் லாரி. என்ஜின் கைகொடுக்காத வண்டி எது? அதே டீசல் லாரி. அந்த டீசலை லாரிக்குள் கொண்டுவந்து ஏற்றிய மனுஷர்களில் ஒருவர்தான் அன்றைக்குக் கஹோன் சரிவில் மாட்டிக்கொண்டவர். எப்படி இருக்கிறது பாருங்கள்!

*

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கிளெஸ்ஸி மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டார். ஆனால் கம்பெனி, வியாபாரம், நடுவில் உலகப் போர்... வருடங்கள் ஓடின. 1950-களின் பிற்பாதியில், கம்பெனிப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கி, கலிஃபோர்னியாவில் ரிட்டையர்டு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பழைய பாக்கியைத் தூசு தட்டி எடுத்தார். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குத் தோன்றிய யோசனை எளிமையானது. நசுங்கிய காற்று திரும்பித் தள்ளுவதால்தானே பிரச்னை? தள்ள விடக் கூடாது. பிஸ்டன் உச்சிக்குப் போய் காற்றை முழுக்க நசுக்கி முடிக்கிற அந்தக் கணத்தில், எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். நசுக்கச் செலவழித்த பலம் போனது போனதுதான். கொடுத்த கடன் திரும்பி வராது. சாதாரண வியாபாரத்தில் இது திவால். மலைச்சரிவில் இதுதான் லாபம்! சக்தியைக் கொடுக்கிற என்ஜின், சக்தியைத் தின்கிற காற்றுப் பம்ப்பாக மாறிவிடும்.

சரி, வால்வை அந்தக் கணத்தில் யார் திறப்பது? நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றுகிற என்ஜினில் துளிகூட நேரம் பிசகக் கூடாது. புதிதாக ஒரு ஏற்பாடு செய்தால் என்ஜினையே மாற்றி வடிவமைக்க வேண்டும். யார் வாங்குவார்கள்?

1957-ல் அதற்கும் விடை கிடைத்தது. அவருடைய கம்மின்ஸ் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று 'கேம்' உண்டு. காற்று உள்ளே வரும் வால்வைத் திறக்க ஒன்று, புகை வெளியேறும் வால்வைத் திறக்க ஒன்று. மூன்றாவது, டீசலைப் பீய்ச்சுவதற்கு. டீசலை எப்போது பீய்ச்ச வேண்டும்? காற்று முழுக்க நசுங்குகிற அதே கணத்தில்! இறங்கும்போதோ டீசலே தேவையில்லை. அந்த மூன்றாவது கேம் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் அசைவை எண்ணெய் அழுத்தம் மூலமாக எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடத்திவிட்டால் போதும்!

இத்தனை வருடமாகத் தேடிய சாவி, அத்தனை வருடமும் அவருடைய சொந்த என்ஜினுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. என்ஜினை வெட்ட வேண்டாம், மாற்ற வேண்டாம். மேலே ஒரு பெட்டியைப் பொருத்தி, டிரைவர் கைக்கு ஒரு ஸ்விட்ச் கொடுத்தால் முடிந்தது வேலை.

சந்தோஷமாகத் தன் பெயரைத் தாங்கிய கம்பெனியிடம்தான் முதலில் கொண்டுபோனார். வேணாம் என்றார்கள்! மற்ற என்ஜின் கம்பெனிகளும் கையை விரித்தன. ஓட வைப்பதற்குத்தான் என்ஜின், நிறுத்துவதற்கு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

கடைசியில் கைகொடுத்தது, என்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி. கனெக்டிகட் மாநிலத்தின் ஜேக்கப்ஸ். அவர்கள் தயாரித்தது, டிரில்லிங் மெஷினில் ஊசியைப் பிடித்துக்கொள்ளும் 'சக்'. அந்தக் கம்பெனியின் ஸ்தாபகர் ஆர்தர் ஜேக்கப்ஸ், பழைய மாடல் சக்கை ஸ்பேனரால் முடுக்கும்போது விரல் முட்டியில் அடிபட்டு, அந்தக் கோபத்தில் 1902-ல் புது மாடலைக் கண்டுபிடித்தவர். அடிபட்டவர்கள் கண்டுபிடித்த சமாச்சாரங்களின் அருமை அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது போலும்!

1961-ல் விற்பனைக்கு வந்தது. முதல் மாடல் எந்த என்ஜினுக்குத் தெரியுமா? கம்மின்ஸ் என்ஜினுக்கு! 'ஜேக்கப்ஸ் பிரேக்' என்ற பெயரை லாரி டிரைவர்கள் 'ஜேக் பிரேக்' என்று சுருக்கிக்கொண்டார்கள். அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் சங்கம் 1985-ல் இதைச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. அதைப் பார்க்க கிளெஸ்ஸி இல்லை. 1968-ல், 79 வயதில் காலமாகிவிட்டார்.

ஒரு குறை உண்டு. நசுங்கிய காற்று பட்டென்று வெளியேறும்போது மெஷின் கன் சுடுகிற மாதிரி சத்தம் வரும். சைலன்சர் ஒழுங்காக இல்லாவிட்டால் ஊரே எழுந்துவிடும். அதனால் பல அமெரிக்க ஊர்களின் எல்லையில் 'என்ஜின் பிரேக் போடாதே' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். உயிர் காத்த சாமான், உறக்கத்தைக் கெடுத்த குற்றத்துக்காக ஊர் விலக்கம்!

கதையின் கடைசி வரவு இன்னும் இருக்கிறது. 2022-ல் அந்த ஜேக்கப்ஸ் பிரேக் கம்பெனியை 345 மில்லியன் டாலர் கொடுத்து ஒரு நிறுவனம் வாங்கியது. யார் என்று யூகித்திருப்பீர்கள். கம்மின்ஸ்தான்! முதலாளி கொண்டுவந்து நீட்டியபோது வேணாம் என்று சொன்னதை, அறுபது வருடம் கழித்துக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

*

சில வருடங்களுக்கு முன் கொல்லிமலையிலிருந்து குடும்பத்தோடு வாடகை வேனில் இறங்கிக்கொண்டிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் இளைஞர். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, பிரேக்கிலேயே இறக்கிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, ''டீசல் மிச்சம் சார்'' என்றார். பாதி மலை இறங்கியபோது கருகல் வாடை. என் மனைவி, 'அடுப்புல ஏதாவது வெச்சுட்டு வந்துட்டோமா' என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். கஹோன் கதையைப் படித்திருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது. அகலமான ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, நின்றது.

தம்பி இறங்கி சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனார். பின்னால் வந்து நிறுத்திய லாரிக்காரர், தலை நரைத்தவர், பாட்டிலைப் பிடுங்காத குறை. ''ஊத்தாத தம்பி, டிரம் வெடிச்சுரும். தானா ஆறட்டும். ஏறுன கியர்லதான் எறங்கணும்னு ஒனக்கு யாரும் சொல்லலியா?''

''சொன்னாங்கண்ணே... டீசல்...'' என்று இழுத்தார் தம்பி.

அந்த டீசல் கணக்கை அப்புறம் நான் விசாரித்துப் பார்த்தேன். இன்றைய கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் சுத்தமாக நின்றுவிடுகிறது. என்ஜினைச் சுற்றுவதை மலைச்சரிவே பார்த்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான், என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க எரிபொருள் செலவாகும். அதாவது, உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைக்கிற அந்த டீசல், உண்மையில் மிச்சமே இல்லை. நஷ்டம்! சிலர் என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவார்கள். அதில் பவர் ஸ்டியரிங்கும் போச்சு, பிரேக்குக்குக் கிடைக்கிற துணை பலமும் போச்சு.

அந்த லாரிக்காரர் சொன்ன விதியில் ஒரே ஒரு திருத்தம். இப்போதைய வண்டிகள் பலசாலிகள், பெரிய கியரிலேயே மலை ஏறிவிடும். அதனால் இறங்கும்போது அதைவிட ஒரு கியர் குறைத்தே வையுங்கள். சரிவு ஆரம்பிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு சின்ன கியர் விழாது. பிரேக்கை ஒரேயடியாகத் தேய்த்துக்கொண்டே வராமல், தேவையான இடத்தில் அழுத்திப் பிடித்து, விட்டுவிடுங்கள்.

அரை மணி நேரம் நின்றோம். பிறகு அந்த லாரிக்காரர், ''என் பின்னாடியே ரெண்டாவது கியர்ல வா'' என்று சொல்லி முன்னால் போனார். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் பின்தொடர்ந்தார். என்ஜின் ஊ... என்று முனகிக்கொண்டே வந்தது. சாதாரண நாளில் எரிச்சலூட்டுகிற சத்தம். அன்றைக்கு அடிவாரம் வரை அதைக் கேட்டபடி என் குழந்தைகள் இரண்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தன.